மழை நாளும் பள்ளிக்கூட மணியும்



ஐப்பசி பிறந்து வானம் இருண்டுவிட்டால் எங்கள் நெய்வேலிப் பக்கத்து வீடுகளில் விடியற்காலையில் எழுகின்ற முதல் கேள்வி, "இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா?" என்பதே. பிள்ளைகள் கேட்கின்ற தொனி ஒன்று. தாய்மார் கேட்கின்ற தொனி வேறு. முன்னதில் ஆசை இருக்கிறது. பின்னதில் கவலை இருக்கிறது. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் யார், எதைப் பார்த்து அவர் விடை சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி, இந்த வட்டாரத்தில் நெடுங்காலம் ஆசிரியனாக இருந்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

பனி கொட்டுகின்ற நாடுகளிலும் இதே கேள்வி உண்டு. அமெரிக்காவில் பனிப்புயல் அடித்த மறுநாள், பள்ளி மாவட்டத்துத் தலைவர் பொழுது விடியுமுன் எழுந்து சாலைகளை விசாரித்து, "இன்று பள்ளி மூடப்படும்" என்றோ, "இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கப்படும்" என்றோ அறிவிக்கிறார். நமக்குப் பனி இல்லை. வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. அவர்கள் சாலையில் பனிக்கட்டி உறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நாம் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள்.

நெய்வேலிக்கு ஒரு தனி நிலைமை உண்டு. 1956இல் நிறுவனம் தோன்றி, 1957இல் பிரதமர் நேரு அவர்கள் தொடங்கிவைத்த சுரங்க வேலை, இன்று மூன்று சுரங்கங்களாக விரிந்திருக்கிறது. இவை திறந்தவெளிச் சுரங்கங்கள். பூமியைக் குடைந்து உள்ளே போகிற சுரங்கமாயின் மழைக்கு ஒரு கூரையாவது இருக்கும். இங்கே மேல்மண் முழுவதையும் வாரி எடுத்துவிட்டுப் பல பனை ஆழத்தில் பழுப்பு நிலக்கரியை வெட்டுகிறார்கள். வானத்திலிருந்து விழுகிற ஒவ்வொரு துளியும் அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது. கீழேயோ, நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றுநீர். ஆதலால் அங்கே நீர் இறைக்கும் பம்புகள் இரவு பகலாக ஓடியாக வேண்டும். மழை நாளில் கூடுதலாக ஓடியாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடலாம். பம்புக்கு விடுமுறை விட முடியாது. முதல் ஷிப்டுக்குப் போகிறவர் கலெக்டரின் அறிவிப்புக்குக் காத்திராமல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனைவியும் வேலைக்குப் போகிறவரானால், எட்டு வயதுப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் கூலி வேலைக்குப் போகிற தாய்மாருக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. "லீவு" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற சொல்லின் பின்னால் இத்தனை இருக்கிறது.

இனி, முடிவு செய்கின்றவரின் நிலையைப் பார்ப்போம். நம் மாநிலத்தில் மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்டக் கலெக்டர். அவர் முன் இருப்பது வானிலைத் துறையின் முன்னறிவிப்பு. ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணங்களால் எச்சரிக்கையும் தருகிறார்கள். ஆயினும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளைய மழை என்பது முதல் நாள் காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் காலை எட்டரை மணி வரை பெய்ததே. அதாவது, நேற்று இரவு எவ்வளவு பெய்தது என்ற முழுக் கணக்கு கைக்கு வருகிற வேளையில், பிள்ளைகள் புத்தகப் பையோடு பாதி வழியில் இருப்பார்கள். ஆகவே கணக்கைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கணிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கணிப்பு பொய்த்து மறுநாள் வெயில் அடித்தால் ஊர் சிரிக்கிறது. "விடுமுறை விட்டார்கள், மழை ஓடிப்போயிற்று" என்ற கேலியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தக் கேலியை நான் பெரிதாக எண்ணுவதில்லை. சிரிப்பினால் யாரும் வெள்ளத்தில் போனதில்லை.

ஆனால் வேறொரு சங்கடம் உண்டு; அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கலெக்டரின் உத்தரவு பெரும்பாலும் மாவட்டம் முழுமைக்கும் பொதுவானது. கடலூர் மாவட்டமோ ஒரே தன்மையுள்ள நிலமன்று. நெய்வேலி செம்மண் மேட்டு நிலம். முந்திரியும் பலாவும் விளைகிற பூமி. கிழக்கே கடலோரம். தெற்கே காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணமும் கொள்ளிடமும் சூழ்ந்த தாழ்நிலம். மேற்கே விருத்தாசலம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு என்று ஆறுகள் வரிசையாக வந்து இந்த மாவட்டத்தில்தான் கடலைத் தேடுகின்றன. மேட்டிலே பெய்கிற மழை மேட்டிலே நிற்பதில்லை. ஓடைகளில் இறங்கிக் குறிஞ்சிப்பாடித் தாழ்நிலத்துக்குப் போய், பெருமாள் ஏரிப் பக்கம் பரவி, பரவனாற்று வழியாகக் கடலூர் செல்கிறது. நகரியத்தின் நேரான சாலையில் நின்று பார்க்கிறவனுக்கு மழை விட்டுத் தெளிந்ததாகத் தோன்றும் அதே நேரத்தில், கீழ்க்கிராமத்துப் பிள்ளை வருகிற வழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்.

2015ஆம் ஆண்டு நவம்பரில் இதைக் கண்கூடாகக் கண்டோம். அந்த மாதம் 9ஆம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள். வங்கக் கடலில் இருந்தது புயல் கூட அன்று. பெயர் இல்லாத ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, 9, 10 தேதிகளில் ஒரே நாள் கணக்கில் நெய்வேலியில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது அது. பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் திடீர் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன், 2011 டிசம்பர் 30ஆம் தேதி வந்த தானே புயலுக்குப் பெயர் இருந்தது. எல்லோரும் அஞ்சிக் காத்திருந்தோம். அது காற்றால் எங்கள் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பெயரற்று வந்ததோ தண்ணீரால் அடித்தது. பெயர் வைத்த புயலுக்குத்தான் பள்ளியை மூட வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அந்த 2015இல் மழை டிசம்பரிலும் விடவில்லை. அரையாண்டுத் தேர்வே மறு ஜனவரிக்குத் தள்ளிப் போயிற்று.

மழை நின்ற பின்னும் ஆபத்து வரும் என்பதற்கு 2024 சாட்சி. நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. பிறகு அது உள்நாட்டில் ஊர்ந்து சென்று, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்வித்தது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில் நொடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். அந்தத் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்க் கரையோரத்தைச் சூழ்ந்துகொண்டது. எங்கோ பெய்த மழை, இங்கே வெள்ளம். தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர் இப்படிப்பட்ட நாளில் தவறித்தான் போவார்.

ஆதலால் என் கட்சி இதுதான்: பள்ளியைத் திறப்பதா, மூடுவதா என்பதை வானத்தையும் பள்ளிக் கூரையையும் வைத்துத் தீர்மானிக்கலாகாது, பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுள் மிகக் கெட்ட வழியில் வருகிற பிள்ளையின் வழியை வைத்தே தீர்மானிக்க வேண்டும். அந்த வழி கலெக்டருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அது தலைமையாசிரியருக்குத் தெரியும். சில மாவட்டங்களில் கலெக்டர்கள், அந்தந்த இடத்து மழையைப் பார்த்துத் தலைமையாசிரியரே விடுமுறை விடலாம் என்று அறிவித்ததுண்டு. நல்ல ஏற்பாடு, ஆனால் அதிகாரம் காலை ஏழு மணிக்கு வந்து சேர்ந்தால் பயனில்லை. முதல் நாள் மாலைக்குள் முடிவு தெரிந்தால்தான் இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிற தகப்பனும், மறுநாள் கூலிக்குப் போகிற தாயும் பிள்ளைக்கு ஒரு வழி செய்ய முடியும்.

தாமதமாகத் திறக்கலாமே என்று ஒரு கேள்வி எழும். பனி நாட்டாருக்கு அது பொருந்தும். இரண்டு மணி நேரத்தில் வண்டிகள் பனியை வாரித் தள்ளிவிடும். நம் ஓடைத் தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் வடிவதில்லை. சில வேளை அப்போதுதான் ஏறும். மழை கொட்டுகிற நாளுக்குத் தாமதம் என்பது அரை மனத்து முடிவு. மழை விட்ட மறுநாளுக்கோ அது மிக உகந்தது. சுவர் நனைந்து பொறுத்திருக்கிறதா, மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, கிணற்று மேடை சரிந்திருக்கிறதா என்று ஆசிரியர்கள் முதலில் சுற்றிப் பார்த்து, பிறகு மணி அடிக்கலாம். கனடாவில் டொரன்டோ நகரில் குடியேறிய நம் தமிழர் வீடுகளுக்குப் பழக்கமான வேறொரு முறையும் உண்டு. அங்கே பனி நாளில் பள்ளிப் பேருந்தை நிறுத்துவார்கள், பள்ளியை மூடமாட்டார்கள். நடந்து வரக்கூடிய பிள்ளை வரலாம்; வர முடியாத பிள்ளையை யாரும் குற்றம் சொல்வதில்லை. இது எனக்குப் பிடித்த முறை. வீட்டிலிருந்தே கணினி வழியே படிக்கலாம் என்பார்கள். 2024 பிப்ரவரி 13ஆம் தேதி நியூயார்க்கில் பனிக்காக அப்படிச் செய்தபோது, காலையில் பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. மின்சாரத்தை ஊருக்கெல்லாம் அனுப்புகிற எங்கள் வட்டாரத்திலும், மழை இரவில் விளக்கு அணைகிற குடிசைகள் இருக்கின்றன.

எல்லா முடிவுகளிலும் ஆபத்தானது ஒன்று உண்டு. பள்ளியைத் திறந்துவிட்டு, நடுப்பகலில் மழை வலுத்ததும் பயந்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது. 1888 ஜனவரி 12ஆம் தேதி அமெரிக்க மேட்டுச் சமவெளியில், இதமாக விடிந்த நாளில் பனிப்புயல் திடீரென்று பாய்ந்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பள்ளியிலிருந்து வீடு திரும்ப முயன்ற குழந்தைகள் அவர்களுள் பலர். மழைக்கும் இந்தப் பாடம் பொருந்தும். வந்துவிட்ட பிள்ளைக்கு, கட்டடம் உறுதியானதாக இருந்தால், பள்ளியே பத்திரமான இடம். பெற்றோர் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போகிற வரையில் மாலை ஆனாலும் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் கடும் மழை நாட்களில் வருகைப் பதிவேட்டை எடுத்தால், வந்திருப்பவர்கள் இரு வகையினராகவே இருப்பார்கள். பள்ளிக்கு அடுத்த தெருவில் இருக்கிறவர்கள் ஒரு வகை. நெடுந்தூரம் நனைந்து வந்து, ஈரச் சட்டையோடு பின் வரிசையில் நடுங்கிக்கொண்டிருப்பவர்கள் மற்றொரு வகை. அவர்கள் கணக்குப் பாடத்துக்காக வந்தவர்களல்லர். மதியச் சோற்றுக்காக வந்தவர்கள். காமராஜர் காலத்தில் 1956இல் பரவத் தொடங்கி, 1982இல் சத்துணவாக விரிந்து, 2022இல் காலை உணவும் சேர்ந்த அந்தத் திட்டம் மழை நாளில்தான் மிகவும் தேவைப்படுகிறது. ஏனெனில் மழை நாளில் தகப்பனுக்குக் கூலி இல்லை. பள்ளி மூடினால் அடுப்பும் மூடுகிறது. விட்ட பாடத்தைப் பின்னால் ஒரு சனிக்கிழமையில் நடத்தி ஈடு செய்கிறோம். விட்ட சோற்றைச் சனிக்கிழமையில் ஈடு செய்ய முடியுமா? போதாக்குறைக்கு, வீட்டில் ஆளில்லாத பிள்ளை நிறைந்த குளத்தையும் ஓடையையும் தேடிப் போகிறான். வழிக்கு அஞ்சிப் பள்ளியை மூடினோம்; பிள்ளை அதே தண்ணீரில் போய் இறங்குகிறான்.

காஷ்மீரத்தில் நீண்ட விடுமுறையைக் குளிர்காலத்திலேயே வைத்துக்கொண்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. மே மாத வெயிலுக்கு விடுமுறையைக் கொடுத்துவிட்டோம். ஐப்பசி, கார்த்திகை மழை படிப்பின் நடுப்பகுதியில்தான் வந்து விழும்.

ஆகையால் ஒவ்வொரு தலைமையாசிரியரும் புரட்டாசி முடிவதற்குள் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பிள்ளை எந்த ஓடையைத் தாண்டி வருகிறான், எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும், எந்த வீட்டில் பகலில் பெரியவர் இருக்கமாட்டார், எந்த வீட்டில் அன்று உலை ஏறாது என்று நான்கு பத்தி. கலெக்டர் முதல் நாள் மாலையில் கேட்டால், அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லலாம். வகுப்பு இல்லை என்று முடிவானாலும், நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சமையற்கூடத்தை மட்டும் திறந்துவைக்கலாம். அதற்கு ஒரு சமையற்காரரும், வழியில் குடையோடு நிற்க இரண்டு ஆசிரியர்களும் போதும்.