சுஹைல் எழும் வரை



நான் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடுதான் குவைத்துக்கு விமானம் ஏறினேன். ஒரு ஜூன் மாத நள்ளிரவில் போய் இறங்கினேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அனல் அடித்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் எஞ்சின் சூடு என்று நினைத்துப் பத்தடி தள்ளிப் போய் நின்றேன். அங்கேயும் அதே அனல். அந்த ஊரின் இரவுக் காற்றே அப்படித்தான் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

அறைக்குப் போய்க் குளிக்கலாம் என்று குழாயைத் திறந்தால் கை பொள்ளியது. பதறி வெளியே வந்தேன். அறையில் எனக்கு முன்பே இருந்த கடலூர் அண்ணன், "தம்பி, நீல நிறக் குழாயைத் திறக்காதே, சிவப்பைத் திற" என்றார். சிவப்புக் குழாய் வெந்நீருக்கு உரியது. ஆனால் கோடை தொடங்கியதுமே அங்கே எல்லோரும் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீர் நீலக் குழாயில் கொதிக்கக் கொதிக்க வருகிறது. ஏசி ஓடும் வீட்டுக்குள் மாட்டியிருக்கும் ஹீட்டரில் தேங்கி ஆறிய தண்ணீர்தான் உடம்பு தாங்கும் பதத்தில் வருகிறது. அந்த ஊரில் நான் கற்ற முதல் பாடம் இதுதான். என் ஊர் அறிவை அப்படியே எடுத்து வைத்தால் அங்கே கை சுடும்.

2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. உலக வானிலை அமைப்பு அந்த அளவை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. எண்ணைக் கேட்டு மலைப்பதைவிட, அந்தச் சூடு உடம்பை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை, மேலே பட்டால் சுகம். 48 டிகிரிக் காற்று பட்டால் சூடு உடம்புக்குள் ஏறும். நம் ஊரில் வெக்கை என்றால் சட்டையைக் கழற்றி வேப்பமரத்தடியில் உட்காருவோம். அங்கே உடம்பை மூடிக்கொள்ள வேண்டும். கணுக்கால் வரை தொளதொளவென்று தொங்கும் வெள்ளை திஷ்தாஷாவையும், தலையையும் பிடரியையும் மூடும் குத்ராவையும் முதலில் வெறும் சம்பிரதாய உடை என்றுதான் எண்ணினேன். ஒரு வாரம் அரைக்கைச் சட்டையோடு திரிந்து கைத்தோல் எரிந்த பிறகு, அது எத்தனையோ தலைமுறை அனுபவத்தில் தைத்த உடை என்பது விளங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து யாராவது குவைத்துக்குக் கிளம்புகிறார்கள் என்றால், இதைத் தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள். அங்கே வியர்ப்பது தெரியாது. காற்று அவ்வளவு வறட்சி. வேர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சட்டை நனையாது, முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் இருக்கும். நனையவில்லையே என்று நான் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். நான்காம் நாள் மண்டை பிளக்கிற தலைவலி, கெண்டைக்காலில் பிடிப்பு. புதிய வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகின்றன. அதற்குள் வியர்வை சீக்கிரம் சுரக்கப் பழகும், அதில் வெளியேறும் உப்பும் குறையும். ஆகவே முதல் சில நாட்களில் கடும் வேலை செய்வதுதான் பெரிய ஆபத்து. தாகத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். முடிந்தால் ஜூன், ஜூலையில் போய் இறங்காதீர்கள். நவம்பரில் போகிறவர்களுக்கு ஊரும் நல்ல முகம் காட்டும், உடம்பும் மெல்லப் பழகும்.

ஜூன் 1 முதல் ஆகஸ்ட் கடைசி வரை, காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் நாலு மணிக்கு வெயில் தணிந்துவிடுவதில்லை. நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கு எழுதினேன், ஏசி அறையில் உட்கார்ந்து. நாலு மணிக்கு மறுபடி சாரம் ஏறுகிற நம் பிள்ளைகளை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கண்களை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கத் துணி சுற்றியிருப்பார்கள். கம்பியைத் தொட இரண்டு கையுறை போட்டிருப்பார்கள். பாலைவன நகரங்களின் பளபளப்பைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் கையுறைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஆற்றையே அறியாத நாடு அது. எண்ணெய் வருவதற்கு முன், ஷத்துல் அரப் ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பல்களில் குடிநீர் ஏற்றி வந்திருக்கிறார்கள். 1950களில்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. தபால்தலையிலும் படங்களிலும் நாம் பார்க்கிற குவைத் கோபுரங்கள் இருக்கின்றனவே, நீலச் சில்லுகள் பதித்த உருண்டைகளோடு, அவை அலங்காரத்துக்கு மட்டும் எழுந்தவை அல்ல. 1979-இல் திறந்த அந்தக் கோபுரங்களில் பெரிய உருண்டைகளுக்குள் இருப்பது குடிநீர். தண்ணீரைச் சின்னமாக உயர்த்தி வைத்த ஊர்!

தெருக்களில் வீட்டு மதிலை ஒட்டிக் குளிர்ந்த நீர் தரும் குழாய்கள் இருக்கும். சபீல் என்பார்கள். வழிப்போக்கர் யாரும் குடிக்கலாம். இறந்துபோன தாய் தகப்பன் பெயரில் புண்ணியமாக வைப்பது வழக்கம். முதன்முறை அதில் குடித்தபோது பங்குனி, சித்திரையில் எங்கள் ஊர்ச் சாலையோரத்து ஓலைத் தண்ணீர்ப் பந்தலும், மோர்ப்பானையும் கண்முன் வந்தன. அன்றைக்குத்தான் அந்த ஊர் எனக்கு அந்நியமில்லை என்று தோன்றியது.

மத்தியானத்தில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். பிழையான எண்ணம். பொழுது சாய்ந்த பிறகுதான் அங்கே வாழ்க்கையே தொடங்குகிறது. முபாரகியா சந்தை நிரம்பி வழிவதும், கடற்கரையில் இரவு பதினோரு மணிக்குக் குழந்தைகள் ஓடியாடுவதும் அப்போதுதான். ஆண்கள் திவானியாவில் கூடுவதும் இரவில்தான். திவானியா என்பது ஏறக்குறைய நம் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணை போல, வந்தவர்களை உட்காரவைத்துப் பேசும் கூடம். உடன் வேலை பார்த்த குவைத்தி நண்பர் ஒரு நாள் அங்கே அழைத்துப் போனார். ஏலக்காய் மணக்கும் கஹ்வா காப்பியைச் சின்னக் குவளையில் கால்வாசிதான் ஊற்றினார்கள். நம் ஊரில் டம்ளர் நிறைய ஊற்றுவது மரியாதை. அங்கே நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று சொன்னதுபோல் ஆகிவிடும். குடித்துக் குடித்து நீட்ட, அவர்களும் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். போதும் என்றால் வலது கையில் பிடித்த குவளையை லேசாக ஆட்டிக்காட்ட வேண்டும் என்று நண்பர் காதோடு சொன்னார்.

நண்பரின் தகப்பனாருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. அவருடைய அப்பா பாய்மரக் கப்பலில் கள்ளிக்கோட்டைக்குப் போய் வந்தவராம். 1961-இல் தினார் வரும் வரை அங்கே ரூபாய்தான் புழங்கியது என்பதையும் அவரிடம்தான் கேட்டேன். மின்விசிறியை அவர் 'பங்கா' என்றதும் எனக்குச் சிலிர்த்தது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள், தெற்கே வஃப்ராவில் இருக்கும் அவர்களுடைய பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். விடிவதற்கு முன்பே பெரியவர் என்னை எழுப்பி, தென்கிழக்கில் தரையை ஒட்டி மினுங்கிய ஒரு நட்சத்திரத்தைக் காட்டினார். "சுஹைல்" என்றார். அது கண்ணில் பட்டால் கோடையின் முதுகு முறிந்தது, இனி இரவுகள் குளிரும் என்பது அவர்கள் கணக்கு. அது எங்களுடைய அகத்திய நட்சத்திரம் என்றேன். அகத்தியர் யார் என்று கேட்டார். தெற்கே வந்து தங்கிவிட்ட முனிவர் என்று எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "அகஸ்தி, அகஸ்தி" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

பிறகும் பல வாரங்கள் நீலக் குழாயில் வெந்நீர்தான் வந்தது. நவம்பரில் ஒரு காலை, குளிக்கப் போன கடலூர் அண்ணன் உடம்பு நடுங்க வெளியே வந்து, ஹீட்டர் சுவிட்சைப் போட்டார்.