கைபேசி வழி வணிகமும் அமானிதமும்

(நம் மஹல்லாவில் சிறுதொழில் புரிவோருக்காக ஜமாஅத் மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம், மின்னஞ்சல் ஆகியவற்றின் மூலம் சிறு வணிகத்தை வளர்ப்பது எப்படி என்று பேசுமாறு ஜமாஅத் நிர்வாகம் எங்களைப் பணித்தது. பெரிய நிறுவனம் எதையும் நடத்துகிறவர்கள் அல்லர் நாங்கள். பத்தமடையில் நெய்யப்படும் கோரைப் பாய்களை வாங்கி விற்கும் சகோதரர்கள் இருவர், அவ்வளவே. பாய் விற்கும் பாய்மார் என்று ஊரார் சிரிப்பதுண்டு. கற்றதைவிடத் தவறியதே எங்களிடம் மிகுதி. ஆகவே, அத்தவறுகளில் ஒன்றிலிருந்தே தொடங்குகின்றோம்.

2019 ஆம் ஆண்டு, எங்களுள் இளையவர் நம் ஜமாஅத்தின் சந்தாப் பேரேட்டைக் கணினியில் ஏற்றும் பணியைச் செய்து வந்தார். ஜனாஸா அறிவிப்பு, பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு ஆகியன அவருடைய கைபேசியிலிருந்தே மஹல்லாவாசிகளுக்குச் சென்றன. அதனால் எல்லா வீட்டாரும் அந்த எண்ணைப் பதிந்து வைத்திருந்தார்கள். அப்போது எங்களிடம் மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்கள் வந்து இறங்கியிருந்தன. கையில்தான் எல்லாருடைய எண்களும் உள்ளனவே என்று, அதே எண்ணிலிருந்து அத்தனை பேருக்கும் வண்ணப் படங்களுடன் விளம்பரத்தை அனுப்பிவிட்டோம்.

அன்று காலையில் ஒரு வீட்டில் மய்யித். ஜனாஸா நேரத்தை அறிவதற்காகக் கைபேசியைத் திறந்து பார்த்த அவ்வீட்டார் கண்ணில் பட்டது எங்கள் கல்யாணப் பாய்.

மூன்று நாள் கழிந்த பின் அவ்வீட்டுப் பெரியவர் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்களை அழைத்தார். கோபப்படவில்லை. “தம்பி, எங்கள் எண்ணை ஜமாஅத்துக்குத்தானே கொடுத்தோம், உங்கள் கடைக்கா கொடுத்தோம்?” என்று மட்டும் கேட்டார். எங்களுக்கு மறுமொழி இல்லை. அன்றே முத்தவல்லி அவர்களிடம் சென்று நடந்ததைக் கூறி மன்னிப்புக் கோரினோம். பட்டியலை ஒப்படைத்துவிட்டு, எங்கள் கருவிகளிலிருந்து அதனை அழித்தோம். அந்த விளம்பரத்தால் ஒரு பாய்கூட விற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அப்பெரியவரின் வினாவுக்குள்தான் இத்தொழிலின் முழுப் பாடமும் அடங்கியுள்ளது. பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி பெற்று, வீட்டாருக்கு ஸலாம் உரைக்க வேண்டும் என்றும், திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் திருக்குர்ஆன் அந்நூர் அத்தியாயத்தில் நமக்குக் கட்டளையிடுகிறது. மும்முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். கைபேசி இன்று ஒருவருடைய படுக்கையறை வரை செல்லும் பொருள். அதற்குள் செய்தி அனுப்புவதும் வீட்டுக்குள் நுழைவதைப் போன்றதே என்று நாங்கள் கருதுகிறோம்.

கேளாமல் நுழைந்த வணிகர்களின் வரலாறு பழையது. ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியே மின்னஞ்சல் அனுப்பும் முறையை 1971 ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் உருவாக்கினார். ஏழே ஆண்டுகளில், 1978 மே மாதம், கேரி தூர்க் என்னும் கணினி விற்பனையாளர் தம் நிறுவனத்தின் கணினிகளை விளம்பரப்படுத்தி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். பெற்றவர்கள் பலர் கடுமையாக முறையிட்டார்கள். இன்று ‘ஸ்பாம்’ என்று நாம் சலித்துக்கொள்ளும் வேண்டா மடல்களின் முன்னோடி அதுவே. உலகம் இப்போதுதான் மெல்ல அனுமதியின் பக்கம் திரும்புகிறது. நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் நிறுவனங்கள், ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ளும் வசதியைத் தம் விளம்பர மடல்களில் தர வேண்டும் என்று 2024 ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் விதித்தது. நம் நாட்டில் 2023 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரின் விவரங்களை எந்த நோக்கத்துக்காகப் பெற்றோமோ அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பதைத் தன் அடிப்படையாகக் கொண்டது. அப்பெரியவர் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் கேட்டதும் அதுதான்.

இனி, நடைமுறைக்கு வருவோம்.

முதலாவதாக, தொழிலுக்கென்று தனி எண்ணும் தனி மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். வீட்டிலிருந்தபடி தையலும் தின்பண்டமும் செய்து விற்கும் சகோதரிகளுக்கு இது இன்னும் முக்கியம். சொந்த எண்ணை ஊரறியக் கொடுத்துவிட்டு, வேண்டாத அழைப்புகளால் தொல்லையுற்றுத் தொழிலையே கைவிட்டோர் உண்டு. சிறு வணிகர்களுக்கென 2018 ஆம் ஆண்டு வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கடையின் முகவரி, திறந்திருக்கும் நேரம், பொருட்களின் படங்கள், விலை ஆகியவற்றைப் பட்டியலாக வைக்கலாம். தொழுகை நேரத்தில் யாரேனும் கேட்டால், பிறகு பதிலளிப்போம் என்று தானாகவே அறிவிக்கவும் அதில் வழியுண்டு.

இரண்டாவதாக, ஒரு பேரேடு வேண்டும். பெயர், எண், மின்னஞ்சல் முகவரி, வாங்கிய பொருள், செய்தி அனுப்ப இசைந்த நாள் என்று ஐந்து பத்திகள் போதும். பொருளைக் கட்டிக் கொடுக்கும்போதே, “புதிய பாய் வந்தால் தெரிவிக்கலாமா?” என்று வாய்விட்டுக் கேட்கிறோம். சரி என்றால் எழுதிக்கொள்கிறோம், தயங்கினால் விட்டுவிடுகிறோம். வாட்ஸ்அப்பின் சாதாரண பிராட்காஸ்ட் பட்டியல் வழி அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்தவருக்கே போய்ச் சேரும். ஆகவே, எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள் என்று கேட்பதும் அனுமதி கேட்பதன் ஒரு பகுதியே. ஆனால் எண்ணைப் பதிந்திருப்பது மட்டுமே அனுமதியாகிவிடாது. நாங்கள் சறுக்கியது அங்கேதான்.

இப்பேரேட்டைக் கையில் வைத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. முகநூலும் இன்ஸ்டாகிராமும் பிறருடைய இடங்கள். நாம் அங்கே வாடகைக் குடிகள். நம்மைப் பின்தொடர்வோர் ஆயிரம் பேர் இருந்தாலும், நாம் இடும் பதிவு அவர்களுள் யாருக்குத் தென்பட வேண்டும் என்பதை அந்நிறுவனமே முடிவு செய்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தபோது, டிக்டாக்கை மட்டுமே நம்பியிருந்த சிறு வணிகர்கள் ஒரே இரவில் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. வாடிக்கையாளரின் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் நம் பேரேட்டில் இருந்தால், ஒரு வாசல் அடைபட்டாலும் மற்றொரு வாசலில் சென்று ஸலாம் சொல்லலாம்.

மூன்றாவதாக, எந்தச் செய்தியை எவருக்கு அனுப்புவது என்ற தெளிவு வேண்டும். தொழுகைப் பாய் வாங்கியவர் வேறு, கல்யாணப் பாய் வாங்கியவர் வேறு, மொத்தமாக வாங்கும் கடைக்காரர் வேறு. நேற்று மகளுக்குத் திருமணம் முடித்தவருக்கு இன்று கல்யாணப் பாய் விளம்பரம் எதற்கு? கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, கிழித்து, காயவைத்து, சாயமேற்றி, மெல்லிய பட்டுப் பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். மணமக்கள் பெயர் நெய்ய வேண்டுமானால் பல வாரங்களுக்கு முன்னரே சொல்ல வேண்டும். ஆகையால், திருமணம் நிச்சயித்து எங்களிடம் விசாரித்தவர்களுக்கு மட்டும், எந்தத் தேதிக்குள் பெயர்களைத் தர வேண்டும் என்று ஒரே ஒரு செய்தி அனுப்புகிறோம். அது அவர்களுக்கும் பயன்படுகிறது. எங்களுக்கும் வேலை கிடைக்கிறது.

நான்காவதாக, மின்னஞ்சலைப் பழையதென்று ஒதுக்கிவிடாதீர்கள். வெளியூர்க் கடைகளும், வெளிநாட்டிலிருந்து கேட்போரும், விடுதிகளும் அளவு, விலை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுத்தில் கேட்கிறார்கள். பின்னாளில் தேடி எடுத்துப் பார்க்கவும் மடலே உதவுகிறது. மடலின் தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மடலில் ஒரே விஷயம்; அளவு, விலை, அனுப்பும் கூலி, சேரும் நாள், நம் முகவரி ஆகியன இருந்தால் போதும். இறுதியில், “இனி மடல் வேண்டாமெனில் ஒரு வரி எழுதுங்கள், நிறுத்திவிடுகிறோம்” என்ற வாசகம் கட்டாயம் வேண்டும். எழுதினால் அன்றே நிறுத்தவும் வேண்டும். பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது முகவரிகளை ‘பிசிசி’ எனும் கட்டத்தில் இடுங்கள். அல்லாவிடில் ஒருவருடைய முகவரியை மற்ற எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தவர்களாவோம்.

ஐந்தாவதாக, படமும் சொல்லும் உண்மையாக இருத்தல் வேண்டும். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், மக்கள் காணும்படி ஈரத் தானியத்தை மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்ததையும் முஸ்லிம் நூலின் ஹதீஸில் காண்கிறோம். இன்று நாம் கைபேசியில் காட்டும் படம் குவியலின் மேற்பகுதி. வாங்குபவரால் கையை உள்ளே விட்டுப் பார்க்க இயலாது. அவருக்காக நாம்தான் விட்டுக் காட்ட வேண்டும். ஆகவே பாயின் பின்புறத்தையும் ஓரத் தையலையும் படமெடுத்துப் போடுகிறோம். பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தின் நிறத்தைக் கூட்டுவதில்லை. விசைத்தறிப் பாயைக் கைத்தறி என்று சொல்வதில்லை. விலையை மறைத்து, தனியே கேளுங்கள் என்று அலைக்கழிப்பதுமில்லை. காசு கொடுத்துப் பின்தொடர்வோரைச் சேர்ப்பதும், உறவினரைக் கொண்டு பொய்ப் பாராட்டு எழுதுவிப்பதும் அந்த ஈரத் தானியத்தைச் சேர்ந்தவையே.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். பத்தமடையில் இத்தொழிலைத் தாங்கி நிற்போர் பெரும்பாலும் நம் சமுதாயப் பெண்மணிகள். நெசவைக் காட்டினால் விற்பனை கூடும் என்பது உண்மை. ஆயினும் தம் முகம் உலகெங்கும் பரவுவதை அவர்களுள் பலர் விரும்புவதில்லை. கேட்டு, அவர்கள் இசைந்தால் கையையும் தறியையும் மட்டும் காட்டுகிறோம். அனுமதி என்பது வாங்குபவரிடம் மட்டும் பெற வேண்டியதன்று.

இறுதியாக, நேரம். பாங்கு நேரத்திலும் ஜுமுஆ நேரத்திலும் விளம்பரம் வேண்டாம். அனுப்புமுன் மஹல்லாவில் மய்யித் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் தொழில் எப்படி வளரும் என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். மெதுவாகத்தான் வளர்கிறது. எங்கள் பேரேடு இன்றும் சிறியதே. ஆனால் அதிலுள்ளோர் எங்கள் செய்தியைத் திறந்து படிக்கிறார்கள், விலை விசாரிக்கிறார்கள், தம் உறவினரையும் அனுப்பிவைக்கிறார்கள். சென்ற ஆண்டு தம் பேத்தியின் திருமணத்துக்குப் பாய் சொல்ல வந்த ஒருவர், போகும்போது, “என் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி” என்றார். அன்று அஸருக்குப் பின் எங்களை அழைத்துக் கேட்ட அதே பெரியவர்தான் அவர்.

நமக்குக் கிட்டியுள்ள கருவிகள் புதியவை. அவற்றைக் கையாளும் ஒழுக்கம் நம்மிடம் முன்னரே உள்ளது. வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும், உழைப்பில் பரக்கத்தையும், பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்களைக் காக்கும் உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.