வசனம் உங்களுடையது



பட்டமளிப்பு விழா மேடையில் ‘உன்னால் முடியும்’ என்று முழங்கிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். நேர்முகத் தேர்வில் நினைக்காத கேள்வி ஒன்று வந்து விழுந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரனைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

தியாகதுருகம் பக்கத்துப் பிள்ளைகளான உங்களுக்குத் தெருக்கூத்தை விளக்க வேண்டியதில்லை. திரௌபதியம்மன் திருவிழா என்றால் விடிய விடியப் பாரதம். பாட்டும் விருத்தமும் வாத்தியார் கற்றுக்கொடுத்த பாடம். நடுவில் வரும் வசனத்தில் பெரும்பகுதி அங்கேயே, அந்த நேரத்தில் பிறப்பது. துரியோதனன் மீசையை முறுக்கிக்கொண்டு, “மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்று கேட்கிறான் என்று வையுங்கள். கட்டியங்காரன், “மும்மாரி கெடக்கட்டும் ராஜா, கோமுகி அணையில தண்ணி இருக்கான்னு பாத்தீங்களா?” என்று போடுகிறான். கூட்டம் சிரிக்கிறது. துரியோதனன் மாட்டிக்கொண்டான். பாரதத்தில் இல்லாத அணைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ராஜாவின் மிடுக்கும் குறையக் கூடாது. காதில் வாங்கியதைத் தள்ளிவிட்டால் ஆட்டம் படுத்துவிடும். எடுத்துக்கொண்டு அதன்மேல் ஒரு வார்த்தை போட்டால் ஆட்டம் ஏறும்.

இந்தச் சரக்கைத்தான் பெருநகரங்களில் ‘இம்ப்ராவ்’ வகுப்பு என்று நடத்துகிறார்கள். அதற்கும் நல்ல பூர்வீகம் உண்டு. அமெரிக்காவின் சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை மேடைக்குப் பழக்க விளையாட்டுகளை உருவாக்கினார். 1963இல் அவற்றை நூலாக்கினார். ஒன்றை மட்டும் சொல்கிறேன். இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் கையை மெல்லத் தூக்கினால், மற்றவர் கண்ணாடிபோல அதையே செய்ய வேண்டும். பிறகு மாறிக்கொள்ள வேண்டும். கடைசியில், யாரும் முன்னே போகக் கூடாது. இருவரும் ஒருவரையொருவர் பின்பற்ற வேண்டும். செய்து பாருங்கள். ‘என்னை எல்லாரும் பார்க்கிறார்களே’ என்ற கூச்சம் எங்கே போனதென்று தெரியாது. கவனம் முழுக்க எதிரே நிற்பவர்மேல் போய்விடும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, வகுப்பில் வாய் திறக்காமலே படித்து முடித்தவர்கள் உங்களில் இருக்கலாம். அவர்களுக்கு மேடைப்பேச்சுப் போட்டியைவிட இதுவே நல்ல தொடக்கம் என்பேன்.

நம் ஊரிலும் இப்படி நடிகர்களைப் பழக்கியிருக்கிறார்கள். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அதன் வழியே, கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து தெருக்கூத்து நவீன நடிகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நடிகர் பசுபதி அங்கே உருவானவர். விஜய் சேதுபதி அங்கே கணக்கராக வேலை பார்த்தவர். நடிகர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றவர். பி.காம். முடித்தவர்கள் கவனிக்க!

கூத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அதில் நெடுங்காலம் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள்; பெண்கள் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்தவரை மட்டம்தட்டிச் சிரிப்பு வாங்கும் பழக்கமும் உண்டு. அவை இரண்டும் நமக்கு வேண்டாம். பயந்தவரைக் கேலி செய்கிற இடத்தில் யாருக்கும் தைரியம் வராது. அதேபோல, வாய்க்கு வந்ததைப் பேசுவது இந்தக் கலை ஆகாது. கட்டியங்காரனுக்குப் பாரதம் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் கதையை விட்டு விலகி, தாளம் தப்பாமல் திரும்பி வர முடிகிறது. உங்களுக்கும் பாடம் முடிந்தது, பட்டம் கைக்கு வந்துவிட்டது. இனி வசனம்தான் பாக்கி.

கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள். மேசை, நாற்காலியை ஓரமாகத் தள்ளினால் போதும், இடத்துக்குச் செலவு ஒன்றுமில்லை. பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியார் ஒருவரை மரியாதையோடு அழைத்து, அவருக்குரிய சம்பளத்தைக் கொடுங்கள். இன்று பட்டம் வாங்குகிறவர்களும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாதம் ஒருமுறையாவது வந்து தம்பி தங்கைகளோடு ஆடுங்கள்.