மேடைக்குக் கீழேயும் ஆள் இருக்கிறார்கள்

(பட்டிமன்றத் தலைப்பு: நிறுவன விழாக்களில் வந்தவர்கள் எல்லாரும் எடுத்த புகைப்படங்களைத் திரட்டிப் பகிர்ந்துகொள்வது உறவை வளர்க்கிறதா? உபத்திரவத்தை வளர்க்கிறதா? இடம்: கூட்டேரிப்பட்டு. 'உறவையே வளர்க்கிறது' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! நான் எழுந்த உடனேயே செல்போனைத் தூக்கி என்னைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிற எதிரணித் தோழியே! (சிரிப்பு) திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி, மயிலம் மலை முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் என்ன சொன்னார்கள்? "ஒரு கம்பெனி விழா முடிஞ்சா, மறுநாள் காலையிலே போன்லே நானூறு படம் வந்து விழுது. முந்நூறு படத்திலே எனக்குக் கண்ணு மூடியிருக்கு. மீதி நூறுலே நான் வடை தின்னுக்கிட்டிருக்கேன். இது உறவா, உபத்திரவமா?" என்று கேட்டார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். அம்மா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நூறு படத்திலேயும் வடை தின்றது நீங்கள்தானே? அதுக்குப் படம் என்ன பண்ணும், பாவம்! (சிரிப்பு, கைதட்டல்)

நிறுவன விழா என்று சொன்னதும் எதிரணிக்காரர்களுக்குச் சென்னையிலே கண்ணாடி மாளிகையும் குளுகுளு அறையும்தான் ஞாபகம் வருகிறது. நம் பக்கத்திலே நிறுவனம் என்றால் என்னங்க? அரிசி ஆலை. கல் உடைக்கிற கிரஷர். உரக்கடை. லாரி செட். இங்கே பெரிய விழா எது? ஆயுத பூஜை! மெஷினுக்குச் சந்தனம், லாரிக்கு வாழைக்கன்று, பொரி, கடலை, திருஷ்டிப் பூசணிக்காய். அன்றைக்குத்தான் முதலாளி வீட்டு அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு களத்துக்கு வருவார். அன்றைக்குத்தான் மூட்டை தூக்குகிறவர் தன் பிள்ளையைக் கூட்டிவந்து, "இதோ, இதுதான் நான் வேலை செய்யற இடம்" என்று காட்டுவார்.

அந்த விழாவுக்கு ஒரு போட்டோகிராபர் வருகிறார். காசு கொடுத்து அழைத்த போட்டோகிராபர். அவர் எதை எடுப்பார்? முதலாளி குத்துவிளக்கு ஏற்றுவதை எடுப்பார். சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்துவதை எடுப்பார். அது சரியாக விழவில்லை என்று சால்வையைக் கழற்றச் சொல்லி மறுபடியும் போர்த்தச் சொல்லி எடுப்பார். (சிரிப்பு) சிரிக்காதீங்க ஐயா, நடக்குதா இல்லையா? ஒரே சால்வையிலே பதினோரு படம்! காலை நாலு மணிக்கு எழுந்து பாய்லரைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தானே, அவன் எத்தனை படத்தில் இருப்பான்? ஒன்றிலும் இருக்கமாட்டான். இருந்தாலும் எப்படி இருப்பான்? முதலாளிக்குப் பின்னால், பாதித் தோளாக இருப்பான்.

போட்டோகிராபரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த காசு மேடைக்கு. மேடைக்குக் கீழே யார் எடுப்பது? பக்கத்தில் நிற்கிற பங்காளிதான் எடுப்பான். கணக்குப் பார்க்கிற பெண் எடுப்பாள். டிரைவர் எடுப்பார். அந்தப் படங்கள் நாற்பது போனிலே நாற்பது பக்கம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓர் இடத்தில் சேர்த்து, வந்தவர்கள் எல்லாருக்கும் கொடு என்கிறோம் நாங்கள். இது உபத்திரவமா?

தமிழ் வாத்தியார் பேச வந்துவிட்டுக் கல்வெட்டைத் தொடாமல் போனால் நடுவர் சும்மா விடமாட்டார். நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டிலே மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில். அங்கே ஒரு கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் இதை உண்டாக்கினான் என்று சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது அரசனின் பட்டப்பெயர். என்ன என்ன சேர்க்கவில்லை என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. உளி பிடித்த கைகள் யாருடையவை? அதற்குக் கல்வெட்டில் ஒரு சொல் இல்லை. அதுதான் ஐயா, சால்வைப் படம்! (கைதட்டல்)

அதே மாவட்டத்திலே கீழ்வாலை என்று ஓர் ஊர். பாறையிலே செங்காவி ஓவியங்கள். மண்டகப்பட்டுக்கெல்லாம் முன்னால் வாழ்ந்த மனிதர்கள், யாரும் சம்பளம் கொடுத்து அழைக்காமல், தங்கள் கூட்டத்து ஆட்களைத் தாங்களே வரைந்து வைத்தார்கள். அது வந்தவர்கள் எடுத்த படம். இரண்டுமே வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. முதல் வகை எப்படியும் கிடைத்துவிடும். இரண்டாவது வகையை யாராவது திரட்டினால்தான் உண்டு.

நடுவர் அவர்களே, எனக்குத் தெரிந்த ஓர் அரிசி ஆலை. பேர் வேண்டாம். அங்கே ஒரு லாரி டிரைவர், இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். ஒரு நாள் விடியற்காலை நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்குப் படம் வேண்டும். வீட்டிலே தேடினால் ஆதார் கார்டுப் படம், லைசென்ஸ் படம், இவ்வளவுதான். ஆதார் படத்திலே நாம் எல்லாரும் எப்படி இருப்போம் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பெரிதாக்கினால் முகமே புள்ளி புள்ளியாக உடைந்துபோகிறது. மகன் ஆலைக்கு ஓடி வந்து, "ஆயுத பூஜை ஆல்பம் இருக்குமே சார்" என்று கேட்டிருக்கிறான். நாலு வருஷத்து ஆல்பத்தையும் எடுத்துப் புரட்டினார்கள். நான் சொன்னேனே, பாதித் தோள்? அதுதான் இருந்தது. ஒரு தோளும், அதன்மேல் ஒரு துண்டும்.

அப்போது பில் போடுகிற பெண் தன் போனைத் தேடினாள். முந்தின வருஷம் பூசணிக்காய் உடைத்த பிறகு, லாரிக் கண்ணாடியில் குங்குமம் வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிச் சிரிக்கிறார் மனுஷன். முழு முகம். இன்றைக்கு அந்த வீட்டுச் சுவரிலே மாலை போட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: "போன் மாத்தினப்போ பாதிப் படம் போயிடுச்சு சார். இது எப்படியோ தப்பிச்சுது."

எப்படியோ தப்பித்தது! இருபத்திரண்டு வருஷ உழைப்புக்கு ஒரு முகம், அதுவும் எப்படியோ தப்பித்தது. விழா முடிந்த வாரமே எல்லார் படத்தையும் சேர்த்து வைத்திருந்தால், இந்த 'எப்படியோ'வுக்கு அங்கே வேலை இருந்திருக்குமா?

எதிரணியிலே இரண்டாவதாகப் பேசிய தம்பி கெட்டிக்காரர். சட்டம் பேசினார். "ஒருத்தர் படத்தைக் கேட்காமல் பகிரலாமா? பெண்கள் படம் எங்கெங்கோ போகிறதே?" என்றார். தம்பி, அந்தக் கேள்விக்கு நானே கைதட்டினேன். 2017-லே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2023-லே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரிலே அதற்கு விதிகள் வந்தன. படிப்படியாக நடைமுறைக்கு வருகிற ஏற்பாடு. சம்மதம் கேள், கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்க வழி வை, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரைக் கேள் என்பதெல்லாம் அதிலே இருக்கிறது.

ஆனால் தம்பி சொன்ன ஆபத்து எங்கே இருந்து வருகிறது? திரட்டுவதாலா? திரட்டாததால்! இப்போது நடப்பது என்ன? ஆளுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒருவர் ஸ்டேட்டஸிலே வைக்கிறார். ஒருவர் மச்சானுக்கு அனுப்புகிறார். மச்சான் யாருக்கு அனுப்பினார் என்று முருகனுக்குத்தான் தெரியும். (சிரிப்பு) இதற்குக் கணக்கும் இல்லை, கேள்வியும் இல்லை. நாங்கள் சொல்கிற முறை வேறு. மண்டப வாசலிலே ஒரு கியூ.ஆர். கோடு ஒட்டு. அதுவே தொழிற்சாலையிலே பிறந்த பிள்ளைதான். 1994-லே ஜப்பானில் டென்சோ கம்பெனிக்காரர்கள் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது. அதைப் போனில் காட்டினால் ஒரு ஆல்பம் திறக்கும். எடுத்தவர்கள் அதிலே போடுவார்கள். பொறுப்பான ஒரு ஆணும் ஒரு பெண்ணும் முதலில் பார்ப்பார்கள். சேலை விலகிய படம், வாய் நிறையச் சோறு இருக்கிற படம், தூங்குகிற படம், இதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் திறப்பார்கள். "என் படம் வேண்டாம்" என்று ஒரு பெண் சொன்னால், ஏன் என்று கேட்காமல் நீக்க வேண்டும். ஏன் என்று கேட்பதே தப்பு. அவளுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

இன்னொன்று. விழாவுக்கு வந்தவர்களுக்குள் பகிர்வது வேறு, கம்பெனி பேரைப் போட்டு ஊருக்கே விளம்பரம் செய்வது வேறு. களத்திலே நெல் துழாவுகிற அம்மா தன் கூட்டாளிக்காகச் சிரித்த சிரிப்பை, முதலாளி ஃபேஸ்புக்கிலே போட்டு, "எங்கள் மகிழ்ச்சியான குடும்பம்" என்று எழுத உரிமை கிடையாது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். இந்த இடத்திலே நான் எதிரணியோடு நிற்கிறேன். நடுவர் மார்க்கைக் குறைத்தாலும் சரி! (கைதட்டல்)

சேர்க்கிறது சேர்க்கிறோம், உருப்படியாகச் சேர்க்க வேண்டாமா? வாட்ஸ்அப்பிலே படமாக அனுப்பினால் அளவைச் சுருக்கித்தான் அனுப்பும். போனிலே பார்க்கப் பளபளவென்று இருக்கும். சுவருக்குப் பெரிதாக்கினால் ஆதார் கதைதான். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போகும். ஆனால் எடுத்த நேரமும், சில சமயம் எடுத்த இடமும் அதோடு கூடவே போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடைசியிலே எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலே போட்டு ஆபீஸ் பீரோவிலே வையுங்கள். இன்னொரு பிரதி வேறு இடத்திலே இருக்கட்டும். இங்கிருந்து கொஞ்ச தூரத்திலே திருவக்கரை. அங்கே மரம் கல்லாகி இரண்டு கோடி வருஷமாகத் தன் உருவத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. நம்ம வாட்ஸ்அப் படம் இரண்டு தீபாவளி தாண்ட மாட்டேங்குது! (சிரிப்பு)

புதுச்சேரியிலே 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களிலே கிடந்த படங்களைத் தேடிப்பிடித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்திலே கம்ப்யூட்டரில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். யாரோ ஒரு அண்ணன் தங்கை, கல்யாணமான புதிதிலே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்த ஒரு ஜோடி, இவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்று அறிஞர்களுக்குத் தோன்றுகிறது. நம்ம ஆலைக்காரர்களுக்கு நமக்கே தோன்ற வேண்டாமா?

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. உங்கள் முகத்தை ஒரு செல்ஃபி எடுத்துக் கொடுத்தால், ஆயிரம் படத்திலே நீங்கள் இருக்கிற படத்தை மட்டும் பொறுக்கி அனுப்புமாம். எதிரணித் தலைவர் இதைப் பெரிய வசதி என்று பாராட்டினார். எனக்கு அதிலே மனசு ஒட்டவில்லை. முகத்தை எவனிடமோ அடகு வைக்கிறோம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். விழாவுக்குப் போய்விட்டு என் மூஞ்சியை மட்டும் பார்க்கிறதுக்கு எங்க வீட்டுக் கண்ணாடி போதுமே! அந்தப் பில் போடுகிற பெண் தன் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்திருந்தால், அந்த டிரைவர் வீட்டுச் சுவரிலே என்ன மாட்டியிருப்பார்கள்?

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். முடித்துவிடுகிறேன் ஐயா. இந்த மண்டபத்திலே இப்போது என்னை நோக்கி இருபது போனாவது நிற்கிறது. அதிலே ஒன்று கொஞ்சம் பின்பக்கம் திரும்பட்டும். மத்தியானத்திலிருந்து இந்த நாற்காலிகளை வரிசை போட்ட நாலு தம்பிகள் கதவோரம் நிற்கிறார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு ஒரு படம் எடுங்கள். எடுத்தால் எதிரணித் தலைவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்; டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)