இரும்புக் கையும் மனிதக் கையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘குறையுள்ள நாயகர்கள்’ என்னும் தலைப்பை எனக்கு அளித்தபோது, கோவலனைப் பற்றியோ கர்ணனைப் பற்றியோ நான் பேசுவேன் என்று வட்டத்தார் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் படக்கதைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இலக்கிய மேடையில் அவற்றுக்கு இடமுண்டா என்று சிலர் வினவலாம். எழுத்துக் கூட்டிப் படித்த பருவத்தில் நம்மில் பலரைப் புத்தகத்தின் பக்கம் இழுத்து வந்தவை அவையே. அந்தக் கடனையாவது நாம் திருப்பிச் செலுத்த வேண்டாமா?

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த இக்கதையின் நாயகன் லூயிஸ் கிராண்டேல், ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். மற்றொரு விபத்தில் உயர் மின்னழுத்தம் உடலில் பாய, அவன் உருவம் மறைகிறது. எஃகுக் கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த ஆற்றல் கைவந்ததும் அவன் முதலில் நாடியது குற்றத்தையே. நிழல் படையின் உளவாளியாகி நன்மையின் பக்கம் நின்றது பின்னர்தான்.

1984 ஜூலையில் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் இதழ் நாயகி மாடஸ்டியோ, முன்னாள் குற்றக் கும்பலின் தலைவி. லயன் காமிக்ஸ் நமக்கு அறிமுகம் செய்த ஸ்பைடர், எத்தர்களுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று புறப்பட்டவன். பிறகே குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறினான். ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதிய ஜெர்ரி சீகல், 1938இல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர் என்பது நோக்கத்தக்கது. களங்கமே இல்லாத வீரனைப் படைத்த கைதான், களங்கத்திலேயே பிறந்த வீரனையும் எழுதியது.

இவர்களை நாம் ஏன் விரும்பினோம்? குறையற்றவனை வணங்கலாம், குறையுள்ளவனோடுதான் நட்புக் கொள்ள முடியும். வீட்டில் காசு எடுத்துப் படக்கதை வாங்கிய சிறுவனுக்கு, திருந்திய திருடன் ஒருவன் துணையாக இருந்தான் என்பது சிறிய ஆறுதல் அன்று. ஆயினும் அந்த விருப்பத்தில் ஓர் ஆபத்து உண்டு. அதை நான் படித்து அறியவில்லை; பட்டு அறிந்தேன்.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் லைன் லீடராக இருந்த காலம். உற்பத்தி இலக்கு எட்டாத ஒருநாள், பிரஸ் மெஷினில் கை குறுக்கே வந்தால் ஓட்டத்தை நிறுத்தும் சென்சாரை அணைத்து வைத்தார்கள். எனக்குத் தெரியும்; நான் மறுக்கவில்லை. அந்த ஷிப்டில், தென்மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் வலக்கை விரல்கள் இரண்டு போயின. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதப்பட்ட அறிக்கையில் நான் கையெழுத்திட்டேன்.

நான்கு மாதங்கள் கழித்து, தொழிற்சாலை ஆய்வாளரிடம் சென்று நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று. நண்பர்கள் பாராட்டினார்கள். தவறித் திருந்திய மாயாவியாகவே நானும் என்னை எண்ணிக்கொண்டேன். அந்தப் பெருமிதத்தோடு அத்தோழரைக் காணச் சென்றேன். அவர் இடக்கையால் தேநீரை நீட்டி, இடக்கையால் தருவதற்கு வருத்தமும் தெரிவித்தார். பிறகு சொன்னார்: “நீங்க போய்ச் சொன்னது சரிதாண்ணே. ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

வீடு திரும்பிப் பழைய மாயாவி கதையை மீண்டும் புரட்டினேன். அவனுடைய குற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள் எங்கே? கட்டத்தின் ஓரத்தில் அலறும் முகங்களாக நிற்கிறார்கள். அடுத்த பக்கத்தில் அவர்கள் இல்லை. 1962இலேயே அமெரிக்காவில் தோன்றிய ஸ்பைடர்மேன் இவ்வகையில் ஒருபடி மேலானவன். தனக்கென்ன என்று அவன் தப்பவிட்ட திருடனே பின்னர் அவன் பெரியப்பாவைக் கொல்கிறான். விலை கொடுத்தவரைக் கதை மறப்பதில்லை.

நம் ஊரில் இதற்கு வேறோர் அளவுகோலும் உண்டு. திருப்பெரும்புதூரில் அவதரித்த இராமானுசர், ஆசாரியரின் ஆணையை மீறித் திருக்கோட்டியூரில் மந்திரப் பொருளை எல்லோர்க்கும் உரைத்தார் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. மீறியவருக்கு நரகம் என்பதை அறிந்தும், பலர் உய்ய நான் ஒருவன் நரகம் புகுவேன் என்றார். மீறலின் விலையைத் தம் தலைமேலேயே ஏற்றார். என் மீறலுக்கோ வேறொருவர் விரல்களைக் கொடுத்தார்.

கம்பன் இன்னும் ஒருபடி செல்கிறான். இராமனைத் தெய்வமாகப் போற்றும் அக்கவிஞன், அம்பு பட்டு வீழ்ந்த வாலிக்கு வாய் அளித்தான். வாலி அடுக்கடுக்காகக் கேட்கிறான். மறைந்து நின்று எய்தது ஏன் என்ற வினாவுக்கு விடை, இராமனிடமிருந்து வரவில்லை, இலக்குவனிடமிருந்தே வருகிறது. நாயகன்மீது கொண்ட அன்பு, அடிபட்டவனின் குரலை அடக்கவில்லை.

குறையுள்ள நாயகர்களை நேசிப்போம்; அவர்களை இழந்தால் நம்மையே நாம் வெறுக்க நேரும். ஆனால் அவர்கள் திருந்திய கதையைக் கேட்டுக் கைதட்டுமுன், அடிபட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்போம். அத்தோழரை இன்று இங்கே அழைத்திருந்தேன். பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் விரும்பினால், எனக்கு ஒதுக்கிய நேரத்தில் எஞ்சியது அவருக்குரியது.