நடப்பவரும் வண்டியோட்டியும்



இங்கிலாந்தில் 1934-ஆம் ஆண்டில், மக்கள் தெருவைக் கடக்கும் இடங்களில் மஞ்சள் உருண்டை தாங்கிய கம்பங்களை நாட்டினார்கள். அந்நாளைய போக்குவரத்து அமைச்சர் ஹோர் பெலிஷாவின் பெயராலேயே அவை வழங்கலாயின. ஆனால் அங்கே தரையில் பதித்திருந்த குமிழ்கள் தொலைவிலிருந்து வருவோர் கண்ணுக்கு எளிதில் புலப்படவில்லை. எனவே 1951-இல் வரிக்குதிரையின் உடல்போலக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தீட்டினார்கள்.

பட்டை தெரிந்தால் வண்டி நின்றுவிடுமா? மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்பதற்கு 23 மீட்டர் வேண்டுமென்பது அந்நாட்டுச் சாலைவிதி நூலின் கணக்கு. அதில் 9 மீட்டர், ஓட்டுபவர் நிலைமையை உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே ஓடிப்போகிறது! வேகத்தை 32 கிலோமீட்டராகக் குறைத்து வந்தாலோ மொத்தம் 12 மீட்டரே போதும். மரியாதையைப் பட்டையருகே வந்தபின் தொடங்க இயலாது.

நான் மிகவும் அஞ்சுவது இரண்டாவது வண்டியை. முன்வண்டி நின்றுவிட்டதென்று நம்பி ஒரு மூதாட்டி அடியெடுத்து வைக்கிறார். பின்னவர் பொறுமையிழந்து முந்துகிறார். நின்ற வண்டி மூதாட்டியை மறைத்துவிடுகிறதே! இதனால்தான், நிறுத்தியவர் கையசைத்து 'வாருங்கள்' என்று அழைப்பதையும் அவ்விதிநூல் விலக்குகிறது. வேறு வண்டி வருவதை அவர் அறியாதிருக்கலாம். அவர் நின்று காத்திருந்தால் போதும். பார்த்துக் கடப்பதை மூதாட்டி தாமே முடிவு செய்துகொள்வார்.