நாற்றங்காலும் கடன் தவணையும்

(கூட்டுறவு நாணயச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)

   

நான் இங்கு வரும்போதெல்லாம் கணக்குப் புஸ்தகங்களையும் பாக்கி ஜாபிதாவையும் விரித்து வைத்துக்கொண்டு உட்காருவதுதான் வழக்கம். அப்படிப்பட்டவன் இன்று விதையைப் பற்றியும் நாற்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறான் என்றால் சிலருக்கு நகைப்பு உண்டாகலாம். நான் மெட்ரிகுலேஷன் தேறியவனேயன்றி விவசாய சாஸ்திரம் கற்றவனல்லன். ஆயினும் பாக்கி ஜாபிதாவை வருஷக்கணக்காய்ப் படித்து வருகிறவனுக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. மழை பொய்த்துப் பயிர் கெட்டால் அது கிராமக் கணக்கில் ஏறுகிறது. வெள்ளம் வந்தாலும் ஏறுகிறது. ஆனால் ஒரு சென்ட் நாற்றங்காலில் பத்து நாளைக்குள் நாற்று மடிந்து போனால் அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கடைசியில் என்னுடைய ஜாபிதாவில் தவணை தவறிய பெயராகத்தான் அது வந்து சேருகிறது.

சில வருஷங்களுக்கு முன் வேறொரு பிர்க்காவில் நான் கண்டதைச் சொல்லுகிறேன். ஓர் அங்கத்தினர் மிளகாய்ச் சாகுபடிக்கென்று கடன் வாங்கினார். யோக்கியமானவர், அதற்கு முன் ஒரு தவணையும் தவறியவரல்லர். ஆனி மாதத்தில் கடையில் வாங்கிய விதையைத் தெளித்தார். பதினைந்து நாளாயிற்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை நீட்டியதைத் தவிர வேறில்லை. விதை பழையது. சீட்டையும் ரசீதையும் அவர் தூர எறிந்துவிட்டபடியால் விற்றவரிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. மறுபடியும் விதை வாங்கி நாற்று விட்டார். இம்முறை பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் முளைத்தது. பத்தாம் நாள் ஒரு மூலையில் சில நாற்றுகள் சாய்ந்தன. தண்ணீர் போதவில்லையென்று நினைத்துக் காலையும் மாலையும் குடங்குடமாய் ஊற்றினார். நாலு நாளில் பாதி நாற்றங்கால் படுத்துவிட்டது. மிஞ்சிய நாற்றைப் புரட்டாசிக் கடைசியில் நட்டார். அது வேர் பிடிக்குமுன்னரே ஐப்பசி மழை வந்து வயலில் தேங்கிற்று. "ஐயா, காய்த்திருந்தால் கட்டியிருப்பேன், நாற்றே தங்கவில்லை" என்று அவர் சொன்னபோது, அவருக்கும் அவருடைய ஜாமீன்தாரருக்கும் அனுப்ப வேண்டிய நோட்டீசு என் கையிலிருந்தது. அவர் சொன்னதை எழுத அந்தக் காகிதத்தில் இடமில்லை.

அவருக்கு நேர்ந்தவை இரண்டு நஷ்டங்கள். இரண்டும் வீட்டிலேயே தடுக்கக்கூடியவை.

முதலாவது, விதையின் உயிர். வெளிப் பார்வைக்கு உயிருள்ள விதையும் செத்த விதையும் ஒன்றுபோலவே இருக்கும். ஜெர்மனி தேசத்தில் தரண்ட் என்னும் ஊரில் பிரெடெரிக் நோபே என்ற ஆசிரியர் 1869-ஆம் வருஷத்தில் விதைகளைச் சோதிப்பதற்கென்று ஒரு சாலை ஏற்படுத்தினார். அக்காலத்து வியாபாரிகள் விதையோடு நிறமேற்றிய மணலைக் கலந்து விற்றதும் அதற்கு ஒரு காரணம். நமக்கு அந்தச் சோதனைக்குச் சாலை தேவையில்லை. ஒரு பழைய வேஷ்டித் துண்டு போதும். துணியை நனைத்துப் பிழிந்து விரித்து, பொறுக்காமல் கைக்கு வந்தபடியே நூறு விதைகளை எண்ணி, ஒன்றோடொன்று தொடாமல் பரப்ப வேண்டும். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டவர்களாவோம். பிறகு துணியைச் சுருட்டி, ஒரு சட்டியில் வைத்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்கலாம். அடுப்பங்கரை மூலை நல்லது. அடுப்பின் மேல் கூடாது. ஈரம் குறையாமல் நீர் தெளிக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனைக்கக்கூடாது. விதைக்கும் மூச்சு உண்டு. நீரில் மூழ்கினால் அழுகிவிடும்.

தக்காளி ஐந்தாறு நாளிலேயே முளை காட்டும். கத்தரி ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். மிளகாய் இன்னும் சோம்பேறி, மார்கழிக் குளிரில் மிகவும் தாமதிக்கும். ஆகையால் பதினாலாம் நாள் வரை பொறுத்து எண்ண வேண்டும். சான்று பெற்ற விதையானால் நூற்றுக்கு இத்தனையாவது முளைக்க வேண்டும் என்று அளவு விதித்திருக்கிறார்கள்: மிளகாய்க்கு 60, கத்தரிக்கும் தக்காளிக்கும் 70. நூற்றுக்கு முப்பதுதான் முளைத்ததென்றால், இரண்டு பங்கு விதை தெளித்துச் சரிக்கட்டலாமே என்று கேட்பவர் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது தவறு. உயிர் குன்றிய விதையில் முளைத்ததும் நலிந்த நாற்றாகவே இருக்கும். அவ்விதையைத் திருப்பிக் கொடுப்பதே நலம்.

திருப்பிக் கொடுப்பதற்குச் சீட்டு வேண்டும். 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டத்தின்படி சான்று விதைப் பையில் முளைப்பு எத்தனை, சோதித்த தேதி என்ன என்பது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சோதித்த தேதியிலிருந்து ஒன்பது மாதம் வரையில்தான் முதற்சான்று செல்லும். அந்தச் சீட்டையும் ரசீதையும், ஒரு பிடி விதையையும், அறுவடை முடியும்வரை பெட்டியில் வைத்திருங்கள். கடன் பத்திரத்தை நாங்கள் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பூட்டி வைக்கிறோமோ அவ்வளவு ஜாக்கிரதை அதற்கும் வேண்டும்.

வீட்டு விதையை உபயோகிப்போருக்கு ஒரு வார்த்தை. மிளகாய் விதை சீக்கிரம் உயிர் இழப்பது. கத்தரி, தக்காளி விதைகள் அதைவிட நாள் தாங்கும். சென்ற வருஷத்துப் பழத்திலிருந்து எடுத்ததையே உபயோகியுங்கள். மூன்றாம் வருஷத்து மிளகாய் வற்றலை உதறி எடுத்த விதை குழம்புக்கு உதவுமேயன்றி நாற்றங்காலுக்கு உதவாது.

இனி நாற்றங்கால். ஓர் ஏக்கர் மிளகாய்க்கு ஒரு சென்ட் நிலமும் 400 கிராம் விதையும் போதும். இரண்டடிக்கு ஒன்றரையடி வீதம் நட்டால் ஏக்கருக்கு 14,520 செடிகளே பிடிக்கும். 400 கிராமில் அதைப்போல் நாலு மடங்கு விதை இருக்கிறது. அப்படியிருந்தும் மேலும் ஒரு பை வாங்கிக் கொட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். நெருக்கமே நோய்க்கு வாசற்படி. சோதித்த விதையானால் தைரியமாகக் கலக்கமாய் விதைக்கலாம். சோதியாதவன்தான் பயந்துகொண்டு அள்ளி வீசுகிறான்.

வெயில் படும் மேட்டில், ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைக் கூட்டி, இருபுறமும் உட்கார்ந்து களை எடுக்கக்கூடிய அகலத்தில் பாத்தி கட்டுங்கள். மக்கிப் பொடியான எருவே ஆகும். பச்சைச் சாணம் ஆகாது. நாலு விரற்கடைக்கு ஒரு கோடு கிழித்து, அரை விரற்கடை ஆழத்தில் விதையை மணலோடு கலந்து இட்டு, மெல்லிய மண்ணால் மூடி, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும். எறும்பு விதையைச் சுமந்து போகாதபடி சுற்றிலும் பார்த்துக்கொள்ளுங்கள். முளை தலை காட்டிய அன்று மாலையே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டால் நாற்று வெளுத்து நெட்டையாகி, தன் பாரத்தைத் தானே தாங்காமல் சாயும்.

இப்போது அந்த அங்கத்தினரின் இரண்டாவது நஷ்டத்துக்கு வருகிறேன். அதற்கு நாற்றழுகல் என்று பெயர். மண்ணிலுள்ள ஒருவிதப் பூஞ்சணம் தண்டைத் தரைமட்டத்தில் பற்றும். அவ்விடம் வெந்தாற்போல் நைந்து நூலாக இளைத்து, மேலே இலை பசுமையாக இருக்கும்போதே நாற்று படுத்துவிடும். பார்ப்பவருக்கு அது தாகத்தால் வாடியதுபோலத் தோன்றுகிறது. தண்ணீர் ஊற்றுகிறார், பூஞ்சணம் கேட்டதும் அதுவேதான். நான் பிறரைக் குறை சொல்லவில்லை. என் வீட்டுக் கொல்லையிலே கச்சேரியிலிருந்து திரும்பியதும் இரண்டு குடம் ஊற்றிவிட்டுத்தான் காப்பி குடிப்பேன். ஒரு தொட்டி கத்தரி நாற்றையும் அப்படியே கொன்றேன். எதிர்வீட்டுப் பாட்டியார்தான் வந்து, "தம்பி, பிள்ளைக்குப் பசித்தால் பால், தூங்குகிற பிள்ளை வாயில் ஊற்றுவார்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து காலையில் மட்டும், விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் பூவாளியால் தெளிக்கிறேன். மாலையில் ஊற்றிய நீர் இரவு முழுவதும் தங்கும். காலையில் தெளித்தது வெயிலில் மேல்மண் உலர்ந்துவிடும்.

சாய்ந்த நாற்றைக் கண்டால் தாமதியாமல் மண்ணோடு வாரி அப்புறப்படுத்தி, தண்ணீரை நிறுத்தி, நெருக்கமானவற்றைக் களைந்துவிட வேண்டும். அந்த இடத்திலும் சுற்றிலும் போர்டோ கலவையை ஊற்றலாம். பத்து கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், பத்து கிராம் புதுச் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே மண்பானைகளில் கரைத்து, பிறகு ஒன்றாய்க் கலக்க வேண்டும். தேய்த்த இரும்புக் கத்தியை அதில் சற்று வைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். கலவையை அன்றன்றைக்கே செலவழித்துவிட வேண்டும். துத்தம் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வருமுன் காக்க விரும்புவோர் விதைக்கும்போதே டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தூளை விதை கிலோவுக்கு 4 கிராம் வீதம் கலந்துகொள்ளலாம். ஆனால் அதையும் துத்தக் கலவையையும் ஒரே சமயத்தில் உபயோகிக்கலாகாது. துத்தம் அந்த நல்ல பூஞ்சணத்தையும் கொன்றுவிடும்.

தக்காளி நாற்று இருபத்தைந்து நாளிலும், கத்தரி முப்பது முப்பத்தைந்து நாளிலும், மிளகாய் நாற்பது நாற்பத்தைந்து நாளிலும் நடவுக்கு வரும். அதற்கு ஒரு வாரம் முன்னதாக நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாற்று திடம் பெறும். பிடுங்குவதற்குச் சற்று முன் நன்றாய் நனைத்து, வேரறாமல் எடுத்து, வெயில் தாழ்ந்தபின் நடலாம்.

நிலமில்லாத தாய்மார்கள் இதெல்லாம் நமக்கல்லவென்று எண்ண வேண்டாம். அடியில் துளையிட்ட ஓட்டைப் பானை, பழைய கூடை, தேங்காய்ச் சிரட்டை எதுவானாலும் நாற்றங்காலே. ஆறு கத்தரிச் செடியும் நாலு மிளகாய்ச் செடியும் கொல்லையில் நின்றால் சந்தைச் செலவு எவ்வளவு குறையுமென்பது என்னைவிடத் தங்களுக்கே தெரியும்.

பஞ்சாயத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மிளகாய், கத்தரிக்குக் கடன் மனு வரும்போது, ஜாமீன் யார் என்று கேட்பதோடு, விதை சோதித்தாயிற்றா என்றும் கேளுங்கள். பதினாலு நாள் முந்திக் கேட்டால்தான் பலன் உண்டு. ஆகையால் மனுவைச் சாகுபடிக்கு ஒரு மாதம் முன்னதாகவே வாங்கிவிடுவது உத்தமம்.

இதோ, நம் காரியதரிசி வாங்கி வைத்திருக்கும் மிளகாய் விதை, இதோ துணி. அந்தப் பெஞ்சியை இப்படி இழுத்துப் போடுங்கள். நூறு விதையைச் சிறுவர்கள் இருவர் வந்து எண்ணட்டும். பொறுக்காமல் எண்ண வேண்டும். சட்டி சங்கக் கட்டடத்திலேயே இருக்கட்டும். பதினாலாம் நாள் நான் வர இயலாவிட்டாலும், பிரித்து எண்ணி, முளைத்தது எத்தனை என்று வெளியிலுள்ள பலகையில் எழுதிப் போடுங்கள்.